கைகளுக்கு நடுவே

நாற்பத்தொரு பிள்ளைகளைப் பள்ளி வாசலில் உதிர்த்துவிட்டு
மஞ்சள் பேருந்தைக் குட்டையோரம் நிறுத்துகிறேன்.
இரண்டரை மணி வரை
நான் யாருக்கும் ஓட்டுநர் இல்லை.

ஜல்லி எடுத்த பள்ளம் இது,
வடக்கு இந்தியானாவில், இரண்டு சோளக்காட்டுக்கு நடுவே.
கம்பெனி போனது, மழை வந்தது,
யாரோ ஒரு வாளி மீனைக் கொண்டுவந்து ஊற்றினார்களாம்.
படகு இறக்கக் கூடாது என்று பலகை.
படகு வைத்திருக்கிறவர்கள் இங்கே வருவதும் இல்லை.

எனக்குப் புளூகில் போதும்.
உள்ளங்கை அகலம், செவுளோரம் ஒரு சொட்டு மை.
மே மாதக் கடைசியில் ஆண்மீன்கள்
கரையோர மணலைத் தட்டுத்தட்டாய்க் குடைந்து
முட்டைக்குக் காவல் நிற்கும்.
எட்டாம் நம்பர் கொக்கி, அரை மண்புழு, ஒரு தக்கை.
தொட்டால் தொட்டதுதான், தயக்கமே கிடையாது.

எதிர்க்கரையில் வெர்ஜில் ஸ்டுட்ஸ்மன்.
ஒன்பது வருடம். பேசியதில்லை.
பாஸ் மீனுக்கு மட்டும் வீசுகிறவர்.
குழந்தை சைக்கிளைப் பார்க்கும் லாரிக்காரர் மாதிரி
என் தக்கையைப் பார்ப்பார்.

போன அக்டோபரில் அவர் நரம்பு அறுந்தது.
நான் பார்த்தேன்: தடி வளைந்தது, சட்டென்று நிமிர்ந்தது.
ஒரு கெட்ட வார்த்தைகூட வரவில்லை.
தொப்பியைக் கழற்றி
மறுபடி போட்டுக்கொண்டார்.

குளிர்காலம் முழுக்க
ஓர்லாவின் இரைக்கடையில் அந்த மீன் வளர்ந்தது.
நன்றித் திருநாளில் முழங்கை வரை,
கிறிஸ்துமஸில் அக்குள் வரை.
ஏரி உறைந்து பனியில் துளை போடும் நாளில்
"இந்தத் துளையில் அது நுழையாது" என்றாராம்.
ஹெர்ஷெல் சிரித்தான், கர்டிஸ் சிரித்தான்,
ஓர்லா புழு எண்ணிக்கொண்டே சிரித்தாள்.
ஏப்ரலில் அவர் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்.

இன்று செவ்வாய், பத்தே கால்.
சம்புப் புதரோரம் தக்கை மூழ்கவில்லை,
நடந்தது. பக்கவாட்டில், அவசரமில்லாமல்,
கடைக்குப் பால் வாங்கப் போகிறவன் மாதிரி.
சுண்டினேன்.
தண்ணீர் உடைந்து, பச்சையாய் ஒரு முழு உடம்பு
காற்றில் தலையை உதறியது.
இரண்டாம் முறை குதித்தபோது
வாயோரம் ஏதோ மின்னியது. என்னுடையது அல்ல.

கட்டைவிரலைக் கீழ்த்தாடையில் கொடுத்துத் தூக்கினேன்.
ஒன்று என் கொக்கி.
மற்றது ஒரு பொய்மீன்,
ஒரு கண் உதிர்ந்து, துரு ஏறி,
வயிற்றில் சிவப்பு நகப்பூச்சால்
அவருடைய முதலெழுத்துகள்.

தடியில் நான் கீறிவைத்த கோடுகளோடு வைத்துப் பார்த்தேன்:
பதினான்கு அங்குலம்.
வறுக்கப் போதும், ஒரு குளிர்காலத்துக்குப் போதாது.
இடுக்கியால் இரண்டையும் கழற்றினேன்.
சட்டையை நனைத்துவிட்டுப் போனது.

கடையில் எல்லோரும் இருந்தார்கள்.
காப்பி இயந்திரத்தின் பக்கம் வெர்ஜில், முதுகு காட்டி.
கல்லாமேல் அதை வைத்தேன்.
ஓர்லாவுக்கு எண்ணிக்கை தப்பியது.
"எவ்வளவு பெருசு, ரொபெர்ட்டா?" ஹெர்ஷெல்தான் கேட்டான்.

பேருந்து ஏழு நிமிடம் தாமதம் என்றால்
ஏழு என்றே எழுதுகிறவள் நான்.
கைகளை விரித்தேன். பதினான்கில் நிற்க வேண்டியவை.
வெர்ஜில் திரும்பினார்.
கோப்பை நடுங்கியதா, காப்பி சூடா, தெரியாது.
கைகள் தாமாக நகர்ந்தன.
பதினெட்டு. இருபது.
இருபத்திரண்டில் முழங்கை சிப்ஸ் அடுக்கில் இடித்தது,
இல்லையென்றால் எங்கே போயிருப்பேனோ.

யாரும் சிரிக்கவில்லை.
அவர் கிட்டே வந்து
என் கைகளுக்கு நடுவே இருந்த காற்றை
வெகுநேரம் பார்த்தார், எடை போடுகிறவர் போல.
பிறகு என் இடது கையை மெல்ல
இரண்டு அங்குலம் உள்ளே தள்ளினார்.
"இவ்வளவுதான் இருக்கும்."

இரண்டரைக்குப் பேருந்தை எடுத்தேன்.
முதல் இருக்கைச் சிறுமி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.
பள்ளத்தைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்தேன்.
ஆறு அங்குலம் வளர வேண்டும் அது,
அக்டோபருக்குள்.